சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு பேராயர்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. ஆண்கள் சப்பாத்து, மண்ணிறம், நாற்பத்தாறாம் அளவு என்று பக்கத்தில் அச்சடித்திருக்கும். மூடி இரண்டு இடத்தில் கிழிந்து, மின்சார வேலைக்காரர் பாவிக்கும் கறுப்பு நாடாவால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியது நான்தான். உள்ளே சப்பாத்து இல்லை, ஒரு பேராயர் இருக்கிறார். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மைன்ஸ் நகரில் கத்தோலிக்கப் பேராயராக இருந்தவர், வேதநூலுக்கு விளக்கம் எழுதியே கை தேய்ந்த பெரிய இறையியல் அறிஞர். அவருடைய வாழ்க்கை முழுவதும் கடதாசி அட்டைகளில் துண்டு துண்டாக எழுதி இதற்குள் நெருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் நான் வேலை பார்த்த தேவாலயத்துப் பங்குப் பாதிரியார். பதினொரு வருடம் எழுதினார், புத்தகமாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஒரு காரணம் நான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான், சைவக்காரன். எண்பதுகளில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தவன். ரைன் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறிய ஊர் ஒன்றில், தேவாலயத்துக்கும் அதை ஒட்டிய பங்கு வீட்டுக்கும் ஹவுஸ்மைஸ்டர் வேலை பார்த்தேன். கட்டடம் பார்க்கும் ஆள் என்று அர்த்தம். புல் வெட்டுவது, பனி தள்ளுவது, கொதிகலனைத் திட்டித் திட்டி ஓட வைப்பது எல்லாம் என் பொறுப்பு. மணி அடிப்பதும் பிறகு என் தலையில் விழுந்தது. பிராங்பேர்ட்டில் இருந்த கூட்டாளிமாருக்கு அது பெரிய பகிடி. “என்னடாப்பா, விபூதியோட போய் வேதக்காரற்ற மணி அடிக்கிறியாம்?” என்பார்கள். “மணிக்கு என்ன சமயம்? சுவிச்சை அமத்தினால் அடிக்கும்” என்பேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும், வாயும் காவல் இல்லாதது. அப்படிப்பட்டவனைப் பாதிரியார் ஏன் வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது. முதல் நாளே அவருடைய கொதிகலனைப் பார்த்துவிட்டு, “இதை வைத்திருந்தவனைத்தான் முதலில் மாற்ற வேண்டும்” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். வைத்திருந்தவர் அவர்தான்.

பாதிரியார் ஆறடிக்கு மேல் உயரம், பெரிய கை, பெரிய கால். அறைக்குள் நடந்தால் ஏதாவது விழும். ஊரார் அவரை ‘ஹெர் ஃபாரர்’, அதாவது பாதிரியார் ஐயா, என்பார்கள். என் வாயில் அது ஒழுங்காக வராததால் நான் ‘சுவாமி’ என்று கூப்பிட்டேன், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் கூப்பிடுவது போல. அவர் என்னை ‘ஹெர் ஹவுஸ்மைஸ்டர்’ என்பார், ஏதோ மந்திரியைக் கூப்பிடுகிற மாதிரி. நாங்கள் பேசியது ஜெர்மன். ஆனால் இத்தனை வருடத்தில் அது என் மண்டைக்குள் எங்கள் பேச்சாகவே மாறிக் கிடக்கிறது. இங்கே அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அவருடைய படிப்பறைக்குப் போவேன். ஹீற்றரில் காற்று வெளியேற்ற என்று சொல்லிக்கொண்டு போவது, உண்மையில் கோப்பிக்குப் போவது. அவர் அந்த வாரம் எழுதிய அட்டைகளை வாசித்துக் காட்டுவார். கேட்க வேறு ஆள் இல்லை. பங்குச் சபைக்காரருக்கு அந்தப் பேராயரின் பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். நான் கேட்டேன். பக்தியால் அல்ல. அந்தப் பழைய மனிதனின் கதையில் எனக்குக் கோபப்பட நிறைய இடம் இருந்தது.

பேராயர் மைன்ஸில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோர் அவரை ஃபுல்டா மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது என்றால் கொடுத்ததுதான், திருப்பி எடுக்க முடியாது. “பிள்ளையைக் கேட்டவையோ?” என்றேன். “கேட்கிற வழக்கம் இல்லை” என்றார் பாதிரியார். “அப்ப அது கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் மாதிரித்தான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெற்று அட்டையை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அந்த அட்டை இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. ‘ஹவுஸ்மைஸ்டர் சொன்னது’ என்று அடியில் குறித்திருக்கிறார்.

கொடுக்கப்பட்ட அந்தப் பிள்ளை படித்த படிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டு நான் கோப்பியை ஆறவிட்டிருக்கிறேன். நாடு கடந்து போய்ப் பெரிய ஆசிரியரிடம் படித்துவிட்டு மடத்துக்குத் திரும்பினார். அப்போதிருந்த மடத்துத் தலைவருக்குக் கட்டடப் பைத்தியம். படிக்கிற துறவிகளைக் கல் சுமக்க விட்டுவிட்டு, இவர் படித்தபோது எடுத்த குறிப்புகளையும் பறித்து வைத்துக்கொண்டார். அவற்றைத் திருப்பித் தரும்படி இவர் கவிதை எழுதிக் கெஞ்சியிருக்கிறார். அந்த இடத்தை வாசிக்கும்போது பாதிரியார் தன் சப்பாத்துப் பெட்டியைக் கையால் மூடிக்கொண்டார், நான் பறித்துவிடுவேன் என்பது போல. பிறகு இவரே அந்த மடத்துக்குத் தலைவரானார். இருபது வருடம் இருந்து, நூல்களைச் சேர்த்து, படியெடுக்க ஆட்களைப் பழக்கி, அந்தக் காட்டு மடத்தைப் படிப்புக்குப் பெயர்போன இடமாக்கினார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும், கடவுளிலிருந்து கல், மரம், மிருகம், பாத்திரம் பண்டம் வரைக்கும், இருபத்திரண்டு பாகத்தில் எழுதி வைத்தார். மின்விளக்கு இல்லை. ஹீற்றர் இல்லை. மை உறைகிற குளிர். நான் இரண்டு பக்க வரிப் படிவத்தை நிரப்ப மூன்று நாள் எடுக்கிறவன்.

ஒருநாள் பாதிரியார் ஒரு பெரிய புத்தகத்தை விரித்துக் காட்டினார். பேராயர் இளம் வயதில் சிலுவையைப் பற்றி எழுதிய பாட்டுகளின் படம். பக்கம் முழுவதும் எழுத்துக் கட்டம். ஒவ்வொரு வரியிலும் ஒரே அளவு எழுத்து. நேராக வாசித்தால் ஒரு பாட்டு. கட்டத்துக்குள் சிலுவை உருவம் வரைந்திருக்கிறது, அந்த உருவத்துக்குள் விழுகிற எழுத்துகளை மட்டும் வாசித்தால் வேறொரு பாட்டு. எனக்கு லத்தீன் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களும் தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் பாட்டைக் கட்டி அடைத்தவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். சித்திரகவி என்று வாத்தியார் கரும்பலகையில் பாம்பு கீறினார், நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. விரலை வைத்து வரிக்கு வரி எழுத்தை எண்ணினேன். ஒன்றும் பிசகவில்லை. “இந்த மனிசன் மனிசன்தானோ?” என்றேன். “அதுதான் எனக்கும் கேள்வி” என்றார் பாதிரியார். அன்றைக்கு ஹீற்றரைப் பார்க்க மறந்தே போனோம்.

பிறகு அந்தப் பஞ்சம். கிழவனாகிப் பேராயராக இருந்த காலத்தில் ஜெர்மானிய நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. அவர் ரைன் கரைக் கிராமம் ஒன்றில், எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லை, தங்கியிருந்து, நாள்தோறும் முந்நூறு பேருக்கு மேல் சாப்பாடு போட்டார் என்று அந்தக் காலத்து ஏட்டில் எழுதியிருக்கிறது. அதே ஏட்டில் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. பட்டினியால் சாகக் கிடந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு அந்த வீட்டை நோக்கி நடந்து வந்தாள். வாசற்படியைத் தாண்டுமுன் விழுந்து செத்துப்போனாள். குழந்தை அவளுடைய உடுப்பை விலக்கிப் பால் குடிக்கப் பார்த்தது. பார்த்தவர்கள் அழுதார்கள்.

பாதிரியார் இதை வாசித்துவிட்டு அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: “எல்லாரும் முந்நூறு பேரைத்தான் சொல்லுவினம். எனக்கு அந்தப் படிக்கு வெளியில விழுந்தவள்தான் கண்ணுக்குள்ள நிக்கிறாள்.”

பெட்டியின் கடைசியில், மற்ற அட்டைகளுக்குப் பின்னால், ஒரு அட்டை தலைகீழாகச் செருகியிருக்கும். அது எங்கே வரவேண்டும் என்று அவருக்குத் தீர்மானிக்க முடியவில்லை. நான் விடாமல் கேட்டதில் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். பேராயரின் மடத்தில் இன்னொரு பிள்ளையும் கொடுக்கப்பட்டிருந்தது. வளர்ந்ததும் அவன், “என்னைக் கேட்காமல் கொடுத்தார்கள், நான் போகிறேன்” என்றான். ஆயர்கள் சபை கூடி அவனை விட்டது. அப்போது மடத்துத் தலைவராக இருந்த நம் ஆள் விடவில்லை. மன்னன் வரைக்கும் போய் வாதாடினார், கடவுளுக்குக் கொடுத்த பிள்ளையைத் திருப்பி எடுக்கக் கூடாது என்று தனியாக ஒரு நூலே எழுதினார். பல வருடத்துக்குப் பின், துறவியாகவே இருக்க நேர்ந்த அவன், யார் மீட்படைவார் யார் அழிவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்த்துவிட்டார் என்று போதித்தபோது, பேராயராகிவிட்ட நம் ஆள் சபையில் அவனைக் குற்றவாளியாக்கி, கையில் ஒரு கடிதத்தோடு, அவனுக்கு மேலதிகாரியான வேறொரு பேராயரிடம் அனுப்பிவிட்டார். அங்கே அவனை அடித்தார்கள். தன் எழுத்தைத் தானே நெருப்பில் போட வைத்தார்கள். சாகும்வரை அடைத்து வைத்தார்கள்.

“முந்நூறு பேருக்குச் சோறு போட்ட அதே ஆளோ?” என்று கத்தினேன். “ஓம், அதே ஆள்” என்றார். “தானும் கேக்காமல் குடுக்கப்பட்ட பிள்ளைதானே? தெரியாதோ அவனுக்கு?” என்றேன். “தெரிஞ்சபடியால்தான் விடேல்லைப் போல. அவனை விட்டால் தன்ர வாழ்க்கை பிழை எண்டாகிப் போயிடும்” என்றார். பிறகு, “கீழ்ப்படிதல் எண்டது சும்மா விசயமில்லை, ஹெர் ஹவுஸ்மைஸ்டர். நானும் வாக்குக் குடுத்தவன். நாற்பது வருசமா மேலிடத்துச் சொல்லை ஒருக்காலும் தட்டினதில்லை” என்றார். “அப்ப நீங்களும் கடுதாசி குடுத்து அனுப்பியிருப்பியள்” என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன். பிடியை மறுநாள் நானே திருத்த வேண்டியதாயிற்று.

இனி என் பிழைக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் மத்தியில் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு கடிதம் வாசிப்பவர் இருப்பார். ஜெர்மன் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். அலுவலகத்திலிருந்து என்ன வந்தாலும் அவரிடம் கொண்டுபோவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, இரண்டு தரம் ‘ம்’ சொல்லி, விசயத்தைச் சொல்லுவார். காசு வாங்குவதில்லை. தேத்தண்ணியும் மரியாதையும்தான் கூலி. எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான். பகிடிக்கு ‘வக்கீல்’ என்று பட்டமும் வைத்திருந்தார்கள். இருபது வருடத்தில் எத்தனையோ கடிதம் வாசித்தேன். ‘எனக்கு விளங்கேல்லை’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஒரு தரமும் சொன்னதில்லை. சொன்னால் மரியாதை போய்விடும். விளங்காத இடத்தைத் தாண்டி, விளங்கிய இடத்தைப் பெரிதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

2006ஆம் ஆண்டு ஜனவரி கடைசியில், பக்கத்து நகரத்து அகதிகள் விடுதியில் இருந்த ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயதுதான் இருக்கும். கொழும்பில் கணவரை யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதற்குப் பிறகு செய்தியே இல்லை. வயிற்றில் பிள்ளையோடு இங்கே வந்து சேர்ந்து, இங்கேதான் பெற்றாள். எட்டு மாதப் பெண் குழந்தை. கையில் மஞ்சள் உறை. ஜெர்மனியில் மஞ்சள் உறை என்றால் சட்டக் கடிதம். நான் பங்கு மண்டபத்து அடுப்படியில் நின்றேன். பெப்ரவரி தொடக்கத்தில் பேராயரின் திருநாள். அன்றைக்கு ஊருக்கெல்லாம் சூப் கொடுப்பது பாதிரியார் தொடங்கிய வழக்கம், அதற்கு அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையைத் துடைத்துக் கடிதத்தை வாங்கினேன். பல பக்கம். ‘இலங்கையில் போர்நிறுத்தம் நடக்கிறது’ என்று நடுவில் நீளமாக எழுதியிருந்தது விளங்கியது. மற்றது சட்ட ஜெர்மன், ஒரு வசனம் அரைப் பக்கத்துக்கு ஓடியது. கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாக் கடிதத்தின் வாலிலும் தொங்கும் வழக்கமான அச்சு வரிகள்தானே என்று மடித்துவிட்டேன்.

“என்னவாம் அண்ணை?”

“நாட்டு நிலவரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாங்கள். உடனை செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. கவனமா வைச்சிருங்கோ.”

“பயமில்லையே?”

“நான் இருக்கிறனெல்லே தங்கச்சி. பயப்பிடாதேங்கோ.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிட்டாள் என்பதை எழுதாமல் விடலாம். விடக் கூடாது.

திருநாளன்று நல்ல சனம். சூப் முடிந்து அண்டா கவிழ்த்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அவள் மறுபடியும் வந்தாள். இந்த முறை கடிதம் சின்னது. ஒரே பக்கம். எனக்கே முழுவதும் விளங்கியது. தாயும் பிள்ளையும் நாட்டை விட்டுப் போக வேண்டும், போகாவிட்டால் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றுவார்கள். ஏன் என்று பார்க்க அந்தப் பழைய மஞ்சள் உறைக் கடிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மனு நிராகரிக்கப்பட்டது, வழக்குப் போட ஒரு கிழமை தவணை. அந்த ஒரு கிழமையும் போய்விட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் என் நாய் வாய், “பொறுங்கோ, ஒருக்கால் கதைச்சுப் பாக்கிறன்” என்றுதான் சொன்னது.

நேரே பாதிரியாரின் படிப்பறைக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். அவர் மேசையில் குனிந்து, ஒரு பெரிய பூதக்கண்ணாடியால் ஏதோ பழைய எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். கண் பார்வை நடுவிலிருந்து அழிந்துகொண்டே வருகிறது, வருகிற கோடை முடியும்வரை வாசிக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கோடையில் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். நடந்ததைச் சொன்னேன். ‘நான் பிழை விட்டிட்டன்’ என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல வராமல் அவர்மேல் பாய்ந்தேன். “முந்நூறு பேர், முந்நூறு பேர் எண்டு வருசா வருசம் சூப் காய்ச்சுறியள். இப்ப ஒருத்தி பிள்ளையோட கீழ நிக்கிறாள். என்ன செய்யப் போறியள்? நல்ல கடுதாசி ஒண்டு எழுதிக் குடுத்து அனுப்புங்கோ!” என்று கத்தினேன். இன்னும் கேவலமாகவும் கத்தினேன், அதெல்லாம் அச்சில் வர ஏலாது.

அவர் பெட்டியை இழுத்து, கடைசியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார். நடுவில் நிமிர்ந்து, “பிள்ளைக்கு எத்தனை மாதம்?” என்றார். “எட்டு” என்றேன். மறுபடி எழுதினார். எனக்குக் கொதி ஏறியது. இந்த மனிதன் இப்போதும் தன் பேராயருக்குக் குறிப்பு எடுக்கிறான், ஒருவேளை அந்தப் பழைய குழந்தைக்கும் எட்டு மாதம்தான் என்று எழுதுகிறான் போல என்று நினைத்தேன். “எழுதுங்கோ, நல்லா எழுதுங்கோ” என்றேன். அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தொப்பியை எடுத்தார். “மேல் மாடியில ரண்டு அறை கிடக்கு. ஹீற்றரைத் திறந்து விடுங்கோ” என்றார். கீழே போனார். வாசலில் குழந்தையோடு நின்ற பெண்ணின் பையை வாங்கி, அவளைப் படியைத் தாண்டி உள்ளே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நிலைச் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரத்தில் இரண்டு கையிலும் கடைப் பைகளோடு திரும்பி வந்தார்.

அவள் அந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தாள். தேவாலயம் அடைக்கலம் கொடுத்தால் பொலிஸ் சாதாரணமாக உள்ளே வராது, ஆனால் மதிலுக்கு வெளியே கால் வைத்தால் பிடிக்கலாம். பாதிரியார் ஒளிக்கவில்லை. ‘இவர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள்’ என்று அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதி அறிவித்தார். ஊருக்குள் கதை பிறந்தது. பங்குச் சபை அம்மா ஒருவர் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள்ளேயும் கறித்தூள் மணக்கிறது என்று சண்டைக்கு வந்தார். கடைசி நாள் வரைக்கும் அவர் மாறவில்லை, அதுவும் அவருடைய உரிமை. பாதிரியார் முதல் நாள் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணீர் வடிய, “நல்லாயிருக்கு, கொஞ்சம் தண்ணி” என்றார். பெண் பயந்துபோய், “அண்ணை, சுவாமியைக் கொண்டுபோட்டனோ?” என்று என்னைக் கேட்டாள். குழந்தை தேவாலயத்து வாங்குகளைப் பிடித்துப் பிடித்து நடை பழகியது. வெள்ளிக்கிழமைகளில் பீடத்துக்கும் வாசலுக்கும் இடையில் அது தத்தித் தத்திப் போக, ஆறடிப் பாதிரியார் பின்னால் குனிந்துகொண்டே போவார்.

திருச்சபை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். நாட்டில் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, அந்தப் பெண்ணை அதிகாரிகளிடம் அனுப்பிவைப்பதே முறை என்று எழுதியிருந்தது. பாதிரியார் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். நாற்பது வருடம் தட்டாத சொல். நான் என் வாயை மூடிக்கொண்டு இருந்த சில நாட்களில் அது ஒன்று. அவர் ஒரு தபால் அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில், பூதக்கண்ணாடி இல்லாமலே எழுதினார்: ‘அவள் படி வரைக்கும் வந்துவிட்டாள். உள்ளே எடுத்துவிட்டேன். இனி அனுப்ப என்னால் முடியாது. கீழ்ப்படியாமைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், செய்ததற்கு அல்ல.’ அதைத் தபாலில் போட்டது நான். தபால்பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டு, உள்ளே விழுந்ததா என்று தடவிப் பார்த்தேன். பதில் வரவில்லை. தண்டனையும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் தபால்காரர் வரும் நேரத்தில் அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

அந்தக் கோடை முழுவதும் அவர் படித்தது பேராயரை அல்ல. அந்தப் பெண்ணின் கடிதங்களை, சட்டத்தை, வழக்கறிஞர் அனுப்பிய தாள்களை. பூதக்கண்ணாடியை ஒவ்வொரு சொல்லின் மேலும் வைத்து, என்னையும் பக்கத்தில் இருத்தி, எனக்கு விளங்காத வசனங்களைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். முதல் தடவையாக அந்த மேசையில்தான் “எனக்கு விளங்கேல்லை” என்றேன். அவர், “எனக்கும்தான். திருப்பி வாசிப்பம்” என்றார். ஆகஸ்டில் இலங்கையில் மறுபடியும் சண்டை பெரிதாக மூண்டது. போர்நிறுத்தத்தைக் காட்டி எழுதிய கடிதம் அதோடு செத்தது. வழக்கறிஞர் போட்ட புதிய மனுவை அலுவலகத்தார் எடுத்துக்கொண்டார்கள். அவளும் பிள்ளையும் மதிலைத் தாண்டி வெளியே போனார்கள், பிறகு இந்த நாட்டிலேயே இருக்க அனுமதியும் கிடைத்தது. இப்போது கொலோன் பக்கம் இருக்கிறார்கள். பாதிரியார் மறுபடி பெட்டியை இழுத்து மேசையில் வைத்தபோது, அட்டையில் தான் எழுதியதைத் தானே வாசிக்க அவரால் முடியவில்லை. ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. நான் வாசித்துக் காட்டவா என்றேன். “உங்கட ஜெர்மனில கேட்டால் பேராயர் கல்லறையிலிருந்து எழும்பி வந்திடுவார்” என்றார்.

2009இல் அவர் போய்விட்டார். இலங்கையில் போரில் எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்த அதே மாதங்கள். அதனால் எனக்கு அவருக்காகத் தனியாக அழ நேரம் இருக்கவில்லை. மணியை நான்தான் அடித்தேன். சில கிழமைக்குப் பிறகு அவருடைய தங்கை சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். மூடியில் என் பெயர் இல்லை, ‘ஹவுஸ்மைஸ்டருக்கு’ என்று மட்டும் கோணலாக எழுதியிருந்தது. நெடுநாள் திறக்கவில்லை.

திறந்த அன்றைக்குக் கையை நேரே கடைசிக்கு விட்டேன். அந்த அட்டை அங்கேயே இருந்தது, தலைகீழாக. ஒரு பக்கத்தில், பார்வை நன்றாக இருந்த காலத்துச் சின்னச் சின்ன எழுத்தில், பேராயர் அந்தத் துறவியைக் கடிதத்தோடு அனுப்பிய கதை. அடியில் ஒரு கேள்விக்குறி. சும்மா, அட்டையைத் திருப்பினேன். மறுபக்கத்தில் பெரிய, அவசரமான எழுத்து. அரிசி. பருப்பு. பால்மா. எட்டு மாதப் பிள்ளைக்கு டயப்பர். மிளகாய்த்தூள், எந்தத் தூள் என்று ஹவுஸ்மைஸ்டரைக் கேட்க வேண்டும், கோபம் ஆறிய பிறகு.

அந்தப் பேராயரை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கட்டத்து எழுத்துகளை நினைத்தால், அந்த முந்நூறு பேரை நினைத்தால், வாய் தானாக மூடிக்கொள்கிறது. எங்கள் ஆட்கள் இப்போதும் மஞ்சள் உறைகளோடு வருவார்கள். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லி, விளங்கியவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் போன பிறகு சில நாள் அலுமாரியைத் திறந்து பெட்டியை இறக்குவேன். அந்த ஒரு அட்டையை மட்டும் எடுத்து, பட்டியல் எழுதிய பக்கம் தெரியும்படி முன்னால் செருகி வைத்திருக்கிறேன். அது எங்கே வரவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.